மதத்துக்காகவா விழுந்தது அந்தக் கல்?

மொஹாக் இனத்துப் பெண்ணான கத்தேரி தேககுவித்தா 1676 ஈஸ்டர் நாளில், ஏறத்தாழ இருபது வயதில், ஞானஸ்நானம் பெற்றார். அடுத்த ஆண்டின் இலையுதிர்காலத்தில், இன்றைய நியூயார்க் மாநிலத்தில் மொஹாக் ஆற்றங்கரையில் இருந்த தன் ஊரைவிட்டு ரகசியமாக வெளியேறினார். மொன்றியாலுக்குத் தெற்கே, புனித லாரன்ஸ் ஆற்றின் கரையில் சேசு சபையார் நடத்திய கானவாகே குடியிருப்பில் போய்ச் சேர்ந்தார். 1680 ஏப்ரல் 17 அன்று, 24ஆம் வயதில், அங்கேயே இறந்தார். 2012 அக்டோபர் 21 அன்று திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கினார். அமெரிக்க ஐக்கிய நாடு, கனடா ஆகியவற்றின் பூர்வகுடிகளில் அந்தப் பட்டம் பெற்ற முதல் ஆள் அவர்.

ஞானஸ்நானத்துக்கும் வெளியேற்றத்துக்கும் இடைப்பட்ட ஒன்றரை ஆண்டுதான் அவரைப் பற்றிய பக்தி நூல்களில் நடுநாயகமாக நிற்கிறது. அவை சொல்லும் கதை இது. கொடூரமும் மூடநம்பிக்கையும் மண்டிய ஊரில் ஒரு பெண் மட்டும் கிறிஸ்துவை ஏற்றாள். அந்த ஒரே குற்றத்துக்காக ஊர் அவளை வதைத்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுக்குச் சோறில்லை. தெருவில் போனால் பிள்ளைகள் கல்லெறிந்தார்கள். சூனியக்காரி என்றும் நடத்தை கெட்டவள் என்றும் பழி வந்தது. இளைஞன் ஒருவன் கோடரியை ஓங்கிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே பாய்ந்தான். கிறிஸ்தவர்களிடம் போய்ச் சேர்ந்த பிறகுதான் அவளுக்கு நிம்மதி கிடைத்தது. ‘மொஹாக்குகளின் லில்லி’ என்ற பட்டப்பெயரின் பின்னால் இருப்பதும் இந்தக் கதைதான்: சுற்றிலும் முள், நடுவில் ஒரு பூ.

இந்தக் கருத்து வெறும் கற்பனையில் நிற்கவில்லை. கத்தேரியை நேரில் அறிந்த இரண்டு குருக்கள், கிளாட் ஷோஷத்தியேரும் பியேர் ஷோலெனெக்கும், அவர் வாழ்க்கையைத் தனித்தனியே எழுதினார்கள். அவர் பிறந்த ஒஸெர்னெனோன் ஊரில்தான், அவர் பிறப்பதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன், 1646இல், ஐசக் ஜோக் என்ற சேசு சபைக் குரு கொல்லப்பட்டார். ஆகவே கல், பட்டினி, கோடரி எதையும் மறுக்கத் தேவையில்லை. அவை நடந்தன என்றே வைத்துக்கொள்ளலாம். மறுக்க வேண்டியது அவற்றுக்குச் சொல்லப்படும் காரணத்தை.

1. காரணத்துக்கு முன்னால் விளைவு எப்படி வரும்?

கத்தேரிக்கும் அவரை வளர்த்த குடும்பத்துக்கும் மோதல் தொடங்கியது ஞானஸ்நானத்துக்குப் பல ஆண்டுகளுக்கு முன்பு. 1660களின் தொடக்கத்தில் ஊரைப் பிடித்த பெரியம்மையில் அவருடைய தாய், தந்தை, தம்பி மூவரும் இறந்தார்கள். கத்தேரி பிழைத்தார், முகத்தில் தழும்பும் கண்ணில் மங்கலும் தங்கிவிட்டன. வெயில் கூசியதால் போர்வையைத் தலைக்குமேல் இழுத்துவிட்டுக்கொண்டுதான் வெளியே நடப்பார். ஊர்த் தலைவராக இருந்த உறவினரும் அவர் வீட்டுப் பெண்களும் அவரை வளர்த்தார்கள். பருவம் வந்ததும் மாப்பிள்ளை பார்த்தார்கள். அவர் மறுத்தார்.

அந்த வீட்டார் செய்த சூழ்ச்சியையும் குருக்களே எழுதியிருக்கிறார்கள். ஒரு மாலை, பெண் பார்க்க வந்தவன்போல ஓர் இளைஞன் நேராக வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தான். உட்காரச் சொன்னது வீட்டுப் பெரியவர்கள். மொஹாக் வழக்கப்படி அவர் கையால் அவனுக்கு உணவு கொடுத்தால் திருமணம் முடிந்ததாக அர்த்தம். விஷயம் புரிந்ததும் கத்தேரி எழுந்து வெளியே ஓடினார். அதற்குப் பிறகுதான் ஏச்சும் பேச்சும், அடிமையைப்போல வேலை வாங்குவதும் தொடங்கின. அப்போது அவர் கிறிஸ்தவர் அல்ல. ஜாக் த லாம்பெர்வில் என்ற குரு அந்த ஊருக்கு வந்ததே 1675இல்தான்.

இதே சான்றுகளை வைத்துக்கொண்டு ‘மதம் மாறியதால் கொடுமை தொடங்கியது’ என்று சொல்வது எப்படி? நடந்துகொண்டிருந்த ஒரு குடும்பச் சண்டைக்கு ஞானஸ்நானம் இன்னொரு முனையைக் கொடுத்தது என்று சொல்லலாம். அதற்குமேல் அந்தச் சான்றுகள் இடம் தரவில்லை.

2. தடை எங்கே இருந்தது?

மத ஒடுக்குமுறை என்றால் மதத்துக்குத் தடை இருக்க வேண்டும். கத்தேரியின் ஊரில் தேவாலயம் இருந்தது. குரு அங்கேயே குடியிருந்தார். ஜெபங்களும் மறைக்கல்வியும் பட்டப்பகலில் நடந்தன. கத்தேரிக்கு முன்பே அந்த ஊரார் பலர் ஞானஸ்நானம் பெற்றிருந்தார்கள். அவருடைய ஞானஸ்நானமும் ஊரறியத்தான் நடந்தது. வளர்த்த தலைவருக்கு அது பிடிக்காவிட்டாலும் தடுக்கவில்லை.

இதே காலத்து ஐரோப்பியர்களை அருகில் நிறுத்திப் பார்த்தால் வேறுபாடு துலங்கும். புதிய பிரான்சில் குடியேறக் கத்தோலிக்கர்களுக்கு மட்டுமே உரிமை என்று 1627ஆம் ஆண்டின் வணிகக் குழுமச் சாசனம் எழுதிவைத்திருந்தது. பாஸ்டனில் மேரி டயர் என்ற பெண்ணை, குவேக்கராக இருந்துகொண்டு தடையை மீறித் திரும்பிவந்ததற்காக, 1660இல் தூக்கிலிட்டார்கள். 1685இல் பதினான்காம் லூயி நாந்து சாசனத்தை ரத்துசெய்து, பிரான்சில் புரோட்டஸ்டன்ட் வழிபாட்டையே சட்டவிரோதமாக்கினார். அந்த அரசரின் குடிமக்களான குருக்கள் தேவாலயம் கட்டிக்கொள்ள இடம் கொடுத்த ஓர் ஊரை, மத சகிப்பின்மைக்கு எடுத்துக்காட்டாக நிறுத்துகிறார்கள். இது கொஞ்சம் துணிச்சல்தான்.

3. ஞாயிற்றுக்கிழமைப் பட்டினிக்குப் பொருள் என்ன?

ஐந்து தேசங்களின் இரோகுவாக் கூட்டமைப்பைச் சேர்ந்த மொஹாக்குகளிடம் நிலமும் விளைச்சலும் பெண்கள் கையில் இருந்தன. மக்காச்சோளம், பீன்ஸ், பூசணி மூன்றையும் சேர்த்து நடுவதிலிருந்து களையெடுத்து, அறுத்து, உரித்து, உலர்த்தி, உரலில் இடிப்பதுவரை எல்லாம் பெண்கள் கூடிச் செய்த வேலை. தாய்வழிக் குடும்பங்கள் பல சேர்ந்து வாழ்ந்த நீள்வீட்டில், எல்லாருடைய உழைப்பும் ஒரே இருப்பில் சேர்ந்தது. எல்லாரும் அதிலிருந்தே சாப்பிட்டார்கள். கொள்ளைநோயும் போரும் ஆட்களைக் கொண்டுபோன பிறகு ஒவ்வொரு கைக்கும் இருந்த மதிப்பைச் சொல்ல வேண்டியதில்லை.

அங்கே ஒரு பெண், வாரத்தில் ஒரு நாளும் அதன்மேல் திருநாள்களும் வேலைக்கு வர மாட்டேன் என்கிறாள். கல்யாணமும் வேண்டாம் என்கிறாள். திருமணம் என்றால் மாப்பிள்ளை மனைவி வீட்டுக்கு வருவான். அவன் வேட்டையாடிய இறைச்சியும் தோலும் அந்த வீட்டுக்கு வரும். ஆக, வயலில் ஒரு கை குறைகிறது, வேட்டையில் ஒரு வில் வராமலே போகிறது. ‘வேலை செய்யாத நாளில் உனக்குச் சோறில்லை’ என்று வீட்டுப் பெண்கள் சொன்னது கடுமைதான். பார்வை மங்கிய அநாதைப் பெண்ணிடம் அதைச் சொன்னது இன்னும் கடுமை. ஆனால் அது மந்திரவாதி வகுத்த தண்டனை அல்ல. கணக்குப் பார்க்கும் குடும்பத்தின் கோபம். அவர் எந்தக் கடவுளைக் கும்பிட்டார் என்பதைவிட, எந்த நாளில் களத்துக்கு வரவில்லை என்பதே அவர்களை உறுத்தியது.

4. அத்தை யாரிடம் போய் முறையிட்டாள்?

கத்தேரிமீது விழுந்த பழிகளில் மிகக் கேவலமானது, அத்தை முறையான பெண் ஒருத்தி சொன்னது. வீட்டுப் பெரியவரான அவள் கணவரைக் கத்தேரி வழக்கமாக ‘அப்பா’ என்றே அழைப்பார். ஒரு நாள் வாய்தவறி அவர் பெயரை மட்டும் சொல்லிவிட்டார். அதுபோதும் என்று, இருவருக்கும் தொடர்பு இருப்பதாக அத்தை முடிவுகட்டினாள். பக்தி நூல்கள் இதையும் மதக் கொடுமைப் பட்டியலில் சேர்த்துவிடுகின்றன.

ஆனால் அவள் அந்தப் புகாரை எடுத்துப்போன இடம் லாம்பெர்வில்லின் வீடு. ‘நீங்கள் மெச்சுகிற பெண்ணின் லட்சணத்தைப் பாருங்கள்’ என்கிற தோரணையில் குருவிடமே பிராது கொடுத்தாள். குருவும் விசாரித்து, ஆதாரமில்லை என்று அவளைக் கண்டித்து அனுப்பினார். கிறிஸ்தவத்தை ஒழிக்கப் புறப்பட்டவள், கிறிஸ்தவக் குருவை நீதிபதியாக ஏற்றுக்கொண்டு அவர் வாசலில் நிற்பாளா? குரு தன் மருமகளை நம்புகிறார், தன்னை நம்பவில்லை என்ற பொறாமையும், கணவனைப் பற்றிய சந்தேகமும் சேர்ந்து செய்த வேலை அது. எந்தக் கூட்டுக் குடும்பத்திலும் நடக்கக்கூடியதை வேத விரோதமாக உயர்த்திவிட்டார்கள்.

5. ஊர் யாரைக் கண்டு பயந்தது?

1666 இலையுதிர்காலத்தில் த்ராசி பிரபுவின் தலைமையில் சுமார் 1,300 பேர் கொண்ட பிரெஞ்சுப் படை மொஹாக் ஊர்களுக்குள் நுழைந்தது. மக்கள் காட்டுக்குள் ஓடிவிட்டார்கள். படை ஊர்களைக் கொளுத்தியது. குளிர்காலத்துக்குச் சேர்த்துவைத்திருந்த மக்காச்சோளத்தையும் அழித்தது. கத்தேரிக்கு அப்போது பத்து வயது. தாயும் தகப்பனும் இல்லாத அந்தச் சிறுமியும் ஊராரோடு சேர்ந்து அந்தக் குளிர்காலத்தைக் கழித்தாக வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டு சமாதானம் ஏற்பட்டது. சேசு சபைக் குருக்கள் மொஹாக் ஊர்களில் தங்க வழி திறந்தது அந்தச் சமாதானம். 1667இல் வந்த முதல் மூன்று குருக்களும் தங்கவைக்கப்பட்டது கத்தேரியை வளர்த்த தலைவரின் வீட்டில். உபசரித்தவர்களில் அந்தச் சிறுமியும் உண்டு.

கதையில் எப்போதும் விட்டுப்போகும் பக்கம் இதுதான். ஊரைக் கொளுத்தியவர்களும் கடவுளைக் கொண்டுவந்தவர்களும் ஒரே நாட்டுக்காரர்கள், ஒரே மொழிக்காரர்கள், ஓராண்டு இடைவெளியில் வந்தவர்கள். நோயும் ஐரோப்பியர்களோடுதான் வந்தது. 1634இல் பரவிய முதல் பெரியம்மை மொஹாக்குகளில் பாதிக்கும் மேற்பட்டோரைக் கொன்றதாக ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள். ஐசக் ஜோக் கொல்லப்பட்டதன் பின்னணியும் இதுவே: அவர் விட்டுச்சென்ற ஒரு பெட்டிதான் நோயையும் பயிர்ச்சேதத்தையும் கொண்டுவந்தது என்று ஊரில் ஒரு பிரிவினர் நம்பினார்கள். அப்போதும் ஊர் ஒரே மனதாக இல்லை. கரடிக் குலத்தார் அவரைக் கொல்ல நின்றபோது, ஆமைக் குலத்தாரும் ஓநாய்க் குலத்தாரும் விட்டுவிடச் சொன்னார்கள். குருவோடு நெருங்கிப் பழகுகிறவர்மீது சூனியப் பழி வருவதை இந்த அச்சத்தை விலக்கிவிட்டுப் புரிந்துகொள்ள முடியாது. கண்மூடித்தனமான அச்சமாக இருக்கலாம். காரணமில்லாத அச்சம் அல்ல.

6. கிறிஸ்தவக் குடியிருப்பில் பழி நின்றதா?

இல்லை. வழக்கமான கதை உடையும் இடம் இது. கானவாகேயில் கத்தேரி 1677 கிறிஸ்துமஸ் அன்று புதுநன்மை வாங்கினார். அந்தக் குளிர்காலத்திலேயே குடியிருப்பினரோடு வேட்டைக் கூடாரத்துக்குப் போனார். ஒரு நாள் இரவு வேட்டையாடிக் களைத்துவந்த கிறிஸ்தவன் ஒருவன், இருட்டில் கிடைத்த இடத்தில் விழுந்து தூங்கிவிட்டான். காலையில் அவன் மனைவி பார்த்தபோது அந்த இடம் கத்தேரியின் படுக்கைக்கு அருகில் இருந்தது. பிறகு, மரப்பட்டைப் படகு ஒன்றைத் தைக்க ஆள் வேண்டும், கத்தேரி நன்றாகத் தைப்பாள் என்று அவன் சொல்ல, மனைவியின் சந்தேகம் உறுதிப்பட்டது. ஊர் திரும்பியதும் குருவிடம் புகார் போனது. குரு கத்தேரியைக் கூப்பிட்டு விசாரித்தார். அவர் இல்லை என்று அமைதியாக மறுத்தார்; அதற்குப் பிறகு வேட்டைக்கூட்டத்தோடு போகவேயில்லை.

திருமண நிர்ப்பந்தமும் அங்கே தொடர்ந்தது. அவர் குடியிருந்த வீட்டின் அக்காள் முறைப் பெண்ணும், அவருக்கு ஞானத்தாய்போல இருந்த அனஸ்தாசியா என்ற மூதாட்டியும், இருவருமே பக்தியான கிறிஸ்தவர்கள், கல்யாணம் செய்துகொள்ளச் சொல்லி நச்சரித்தார்கள். கணவன் இல்லாவிட்டால் துணிமணிக்கும் இறைச்சிக்கும் யார் பொறுப்பு என்று கேட்டார்கள். பழைய ஊரில் கேட்ட அதே கேள்வி. கத்தேரியும் தோழிகள் இருவரும், ஆற்றின் நடுவே இருந்த தீவில் கன்னியர்களாகச் சேர்ந்து வாழ அனுமதி கேட்டபோது, பாதிரியார் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1679 மார்ச் 25 அன்று அவர் கன்னிமை வார்த்தைப்பாடு கொடுத்தது இத்தனை இழுபறிக்குப் பிறகே.

ஆக இரண்டு ஊர்களிலும் ஒரே வகைப் பழி, ஒரே வகை நெருக்கடி. ஒன்றில் ஊரார் ‘புறஜாதியார்’, மற்றதில் கிறிஸ்தவர்கள். இரண்டிலும் மாறாமல் இருந்தது, கணவன் வேண்டாம் என்று சொன்ன ஓர் இளம்பெண். அதே செயலை முதல் ஊரில் ‘துன்புறுத்தல்’ என்றும் இரண்டாவது ஊரில் ‘தவறான புரிதல்’ என்றும் எழுதுவது வரலாறு ஆகாது.

7. சாட்சிகள் எங்கே நின்றார்கள்?

ஷோஷத்தியேரும் ஷோலெனெக்கும் கத்தேரியை அறிந்தது கானவாகேயில், அவருடைய கடைசி இரண்டரை ஆண்டுகளில். பழைய ஊரில் நடந்தவற்றை அவர்கள் கண்ணால் காணவில்லை. லாம்பெர்வில் சொன்னதும், ஊரைவிட்டு வந்துவிட்டவர்கள் சொன்னதுமே அவர்களுக்குச் சான்று. ஊரிலேயே தங்கிவிட்டவர்கள் தரப்பு எந்த ஏட்டிலும் ஏறவில்லை. மேலும் எழுதும்போதே அவர்கள் ஒரு புனிதரைப் பற்றித்தான் எழுதினார்கள். இறந்த சில நிமிடங்களில் கத்தேரியின் அம்மைத் தழும்புகள் மறைந்து முகம் ஒளிர்ந்தது என்று ஷோலெனெக் பதிவுசெய்கிறார். புனிதர் வரலாறு என்ற இலக்கிய வகைக்குச் சோதனையும் அவதூறும் ஓடிவந்த பயணமும் வேண்டும். பொன்னைப் புடம்போட நெருப்பு வேண்டும்.

ஷோலெனெக் 1715இல் எழுதிய கடிதம், பாரிஸிலிருந்து சேசு சபையார் வெளியிட்ட மிஷன் கடிதத் தொகுதிகளில் அச்சானது. தமிழ்நாட்டு மதுரை மிஷன் குருக்களின் கடிதங்களும் அதே வரிசையில்தான் வந்தன. ஐரோப்பிய வாசகரின் பக்தியையும் ஆதரவையும் மிஷன்களின் பக்கம் திருப்புவதே அந்தத் தொகுதிகளின் வேலை. அதற்காகக் குருக்கள் பொய் எழுதினார்கள் என்பதல்ல. அத்தையின் புகாரையும் வேட்டைக் கூடாரத்துச் சந்தேகத்தையும் ஒளிக்காமல் எழுதிவைத்தவர்கள் அவர்களே. இந்த மறுப்பே அவர்கள் ஏட்டிலிருந்துதான் கட்டப்படுகிறது. அவர்கள் கொடுத்த தகவலை ஏற்று, அவர்கள் வரைந்த சட்டகத்தை மறுப்பதில் முரண்பாடு இல்லை.

8. ஊரின் பயம் பலித்ததா?

வளர்த்த தலைவர் ஆல்பனிக்குப் போயிருந்த சமயம் பார்த்து, கானவாகேயிலிருந்து வந்தவர்களின் துணையோடு கத்தேரி கிளம்பினார். செய்தி எட்டியதும் தலைவர் துப்பாக்கியை நிரப்பிக்கொண்டு பின்னால் புறப்பட்டார், பிடிக்க முடியவில்லை. பக்தி நூல்களில் இவர் வில்லன். ஆனால் அவர் நிலையிலிருந்து பார்த்தால் காட்சி வேறு. 1670களில் மொஹாக் ஊர்களிலிருந்து குடும்பம் குடும்பமாக மக்கள் வடக்கே போய்க்கொண்டிருந்தார்கள். கிரின் என்று பிரெஞ்சுக்காரர்கள் அழைத்த பெயர்பெற்ற போர்த்தலைவரே 1673இல் ஆட்களோடு போய்விட்டார். போர்க்கைதிகளைத் தத்தெடுத்துத்தான் அந்த ஊர்கள் தங்கள் எண்ணிக்கையைத் தக்கவைத்து வந்தன. கத்தேரியின் தாயே அப்படி வந்தவர். அப்படிச் சேர்த்த மக்களை பிரெஞ்சுக்காரர்களின் பக்கத்தில் இருந்த ஒரு குடியிருப்பு இழுத்துக்கொண்டிருந்தது.

போனவர்கள் நாளை பிரெஞ்சுக்காரர்களோடு ஆயுதம் தூக்கி வருவார்கள் என்பதே ஊரின் பயம். 1690இல் ஸ்கெனெக்டடி ஊரைத் தாக்கிய பிரெஞ்சுப் படையில் கிரினும் கானவாகே வீரர்களும் இருந்தார்கள். 1693 பிப்ரவரியில் பிரெஞ்சுப் படையும் அதன் கிறிஸ்தவக் கூட்டாளிகளும் மொஹாக் பள்ளத்தாக்குக்குள் இறங்கி மூன்று ஊர்களை எரித்தார்கள். கத்தேரி ஞானஸ்நானம் பெற்ற ஊரும் அதில் ஒன்று. பிடிபட்ட மொஹாக் ஆண்களைக் கொல்ல கானவாகேக்காரர்கள் சம்மதிக்கவில்லை, அவர்கள் சொந்தக்காரர்கள். ஆனாலும் ஊர் எரிந்தது எரிந்ததுதான். கத்தேரி இதற்குப் பொறுப்பல்ல. அவர் இறந்தே ஏறத்தாழப் பதின்மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆனால் வடக்கே போகும் பாதையைக் கண்டு நடுங்கியவர்களை மதவெறியர்கள் என்று மட்டும் சொல்லிக் கடந்துபோக 1693 இடம் தராது.

9. அப்படியானால் அவர் குருக்களிடம் ஏமாந்தவரா?

மறுபக்கத்திலும் ஒரு வசதியான கதை உண்டு. நோயால் உடைந்த, ஆதரவற்ற பெண்ணைப் பாதிரியார்கள் வசப்படுத்தி, உடலை வதைக்கச் சொல்லிக் கொன்றார்கள் என்பது அது. இதுவும் நிற்காது. லாம்பெர்வில் ஊருக்கு வருவதற்கு முன்பே திருமணத்தை மறுத்தவர் கத்தேரி. கானவாகேப் பெண்கள் குருக்களுக்குத் தெரியாமல் காட்டுக்குள் போய்த் தங்களைச் சாட்டையால் அடித்துக்கொண்டார்கள். கத்தேரி முட்களைப் பரப்பி அதன்மேல் மூன்று இரவுகள் படுத்தார். தெரிந்ததும், அந்த முட்களை நெருப்பில் போடச் சொன்னவர் ஷோலெனெக். ஒறுத்தலில் குருக்கள் கேட்டதைவிட அதிகம் செய்தது அந்தப் பெண்கள். வரலாற்றாசிரியர் ஆலன் கிரீர் 2005இல் வெளியிட்ட நூலில், கானவாகேயின் தீவிரப் பக்தியை இரோகுவாப் பெண்களே தங்கள் பழைய மரபின் துணையோடு உருவாக்கிக்கொண்ட ஒன்றாக வாசிக்கிறார். முதல் கதை கத்தேரியின் ஊரைப் பேய்களாக்குகிறது. இரண்டாவது கதை கத்தேரியைப் பொம்மையாக்குகிறது. இரண்டிலும் அவர் எதையும் தீர்மானிப்பதில்லை.

10. கதை போனால் புனிதம் போய்விடுமா?

பக்தர்கள் இந்த மறுப்பைக் கண்டு கலங்க வேண்டிய அவசியம் இல்லை. கத்தோலிக்கத் திருச்சபை கத்தேரியை வேதசாட்சியாக அறிவிக்கவில்லை. விசுவாசத்தின்மீதான வெறுப்பால் கொல்லப்பட்டவர் என்று நிறுவ வேண்டிய வழக்கு அவருடையதல்ல. 1943இல் அவரது வீரத்துவ நற்பண்புகளை ஏற்று வணக்கத்துக்குரியவர் என்றார்கள். 1980இல் இரண்டாம் ஜான் பால் அவரை அருளாளர் ஆக்கினார். 2012 பட்டத்துக்கு ஆதாரமாக ஏற்கப்பட்டது, சதையை அரிக்கும் பாக்டீரியா நோயிலிருந்து ஒரு பூர்வகுடிச் சிறுவன் குணமானது. அந்த மூன்று படிகளில் ஒன்றுகூட, மொஹாக் ஊர் அவரை மதத்துக்காக வதைத்தது என்ற கூற்றின்மேல் கட்டப்படவில்லை.